டர்பன் நடைபாதையில் பறிபோன முறுக்கு மேசை: அபராதத்தைக் கட்டிவிடலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்த இவர், டர்பனில் நான்காம் தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கணவர் தென்னாப்பிரிக்கக் குடிமகன்; இவர் துணைவருக்கான தற்காலிக விசாவில் இருக்கிறார். கணவருக்கு வேலை நாள்கள் குறைந்த பிறகு, சாட்ஸ்வொர்த்தில் உள்ள வீட்டில் முறுக்கும் வடையும் சுட்டு, டர்பனின் வார்விக் சந்திப்பில் மேசை போட்டிருக்கும் ஒரு சுலு மூதாட்டியிடம் விற்கக் கொடுத்துவந்தார். சுலு மொழியில் பாட்டியைக் குறிக்கும் 'கோகோ' என்ற சொல்லாலேயே இவர் அவரை அழைக்கிறார். நாளடைவில் இருவரும் லாபத்தைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கினார்கள். அனுமதிச்சீட்டு கோகோவின் பெயரில் இருக்கிறது. ஐந்து வாரங்களுக்கு முன், ரத்த அழுத்த மாத்திரை வாங்கக் கோகோ கிளினிக் போயிருந்த ஒன்றரை மணி நேரத்தில் மாநகராட்சியின் காவல் படையான மெட்ரோ போலீஸ் வந்தது. மேசையில் தனியாக இருந்த வாசகியின் பெயரில் 500 ராண்ட் அபராதச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, பண்டங்கள், எரிவாயு அடுப்பு, மேசை, பெரிய குடை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ரசீது எதுவும் தரவில்லை. மொத்த மதிப்பு ஏறக்குறைய 2,400 ராண்ட் என்கிறார்.

அவர் கேட்பவை நான்கு. அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடலாமா? ரசீது இல்லாததால் பொருள்கள் போனது போனதுதானா? வேறொருவருடைய அனுமதிச்சீட்டை 6,000 ராண்டுக்குத் தருவதாக ஓர் ஆள் வந்திருக்கிறார், வாங்கலாமா? அந்தத் தெரு வியாபாரிகளை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது, அப்போது என்ன செய்வது? இவற்றுக்கிடையே மாமியார் சொன்னது, தான்சானியாவின் தார் எஸ் சலாமில் வேலை செய்யும் கொழுந்தனார் சொன்னது, இந்தியச் சட்டம் ஒன்றைப் பற்றித் தாமே படித்தது என மூன்று செய்திகளையும் சேர்த்திருக்கிறார். அவற்றையும் தொட வேண்டியிருக்கிறது.

அன்புள்ள சகோதரி,

கோகோ கிளினிக் போன அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் உங்கள் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆப்பிரிக்க நகரங்கள் பலவற்றில் தெருவியாபார விதிகள் இடறுகிற இடமும் அதுவே. விதிகளை எழுதுகிறவர்கள் ஒரு மேசைக்கு ஒரு பெயரை எழுதி, அந்தப் பெயருக்குரியவர் காலையிலிருந்து மாலைவரை அங்கேயே நிற்பார் என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். நடைமுறையில் ஒரு மேசைக்குப் பின்னால் சமைக்கிறவர் ஒருவர், விற்கிறவர் ஒருவர், இரவில் சரக்கை வைத்துக் காக்கிறவர் ஒருவர் என மூன்று நான்கு பேர் இருப்பார்கள். சீட்டிலுள்ள ஒற்றைப் பெயருக்கும் அந்த மூன்று நான்கு பேருக்கும் இடையில் உள்ள இடைவெளியில்தான் அபராதமும் பறிமுதலும் தரகர்களும் நுழைகிறார்கள். நான் சொல்லப்போகும் யோசனைகள் எல்லாம் அந்த இடைவெளியை எழுத்தால் அடைப்பதைப் பற்றியவை.

அபராதச் சீட்டு: அவசரப்பட்டுக் கட்டாதீர்கள்

500 ராண்டுக்காக ஒரு நாள் முழுவதும் நீதிமன்ற வாசலில் நிற்பானேன் என்று நீங்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் இத்தகைய சீட்டுக்குப் பணம் கட்டுவது, குற்றத்தை ஒப்புக்கொண்டு செலுத்தும் அபராதமாகவே பொதுவாகக் கருதப்படும். அதைக் கட்டியவர் அந்தக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவராக எண்ணப்படலாம். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து அது காவல்துறைப் பதிவில் ஏறவும் கூடும். திருமணமாகி ஐந்து ஆண்டுகள் நிறைந்ததும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த விண்ணப்பத்தோடு காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழையும் இணைக்க வேண்டும். ஒரு நாள் அலைச்சலை மிச்சம் பிடிக்கப் பார்த்து அதைவிடப் பெரியதொன்றை இழந்துவிடக் கூடாது.

மாற்றுவழி இருக்கிறது. சீட்டில் குறிப்பிட்டுள்ள நீதிமன்ற நாளுக்கு முன்பே, அந்த நீதிமன்றத்தின் அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு எழுத்து மூலம் விளக்கம் கொடுங்கள். அந்த மேசைக்கு செல்லுபடியாகும் அனுமதி உண்டு, அனுமதி பெற்றவர் மருத்துவ காரணத்துக்காகச் சிறிது நேரம் விலகியிருந்தார் என்பவற்றைச் சொல்லி, கோகோவின் சீட்டின் நகலையும் கிளினிக் அட்டையில் அன்றைய தேதி உள்ள பக்கத்தின் நகலையும் இணையுங்கள். வழக்கைத் திரும்பப் பெறவோ அபராதத்தைக் குறைக்கவோ அவருக்கு அதிகாரம் உண்டு. பதில் வராவிட்டால் குறித்த நாளில் தவறாமல் ஆஜராகுங்கள். போகாமல் இருந்தால் பிடியாணை வரலாம். உங்கள் விசா நிலையில் அது எல்லாவற்றிலும் கெட்டது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் கேட்டாக வேண்டும். துணைவர் விசாவில் இருப்பவர் வேலை செய்யவோ தொழில் நடத்தவோ குடிவரவுச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த அனுமதி உங்கள் விசாவிலேயே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 'குடிமகனின் மனைவி என்றால் தானாகவே வேலை செய்யலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. கடவுச்சீட்டில் ஒட்டப்பட்ட விசாவை எடுத்து, அதில் உள்ள நிபந்தனையை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். வேலைக்கோ தொழிலுக்கோ குறிப்பு இல்லையென்றால், அதைப் பெறும்வரை மேசையில் அமராதீர்கள். அனுமதியில்லாத வெளிநாட்டவரைத் தெரிந்தே வேலைக்கு வைப்பதும் குற்றம் என்பதால், கோகோவும் உங்களோடு சேர்ந்து சிக்கக்கூடும். நான் சொன்ன விளக்கக் கடிதத்தை எழுதும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் விசாவைக் காட்டிவிடுங்கள். கடிதத்தில் உங்களை 'உதவியாளர்' என்பதா, 'பங்காளி' என்பதா, 'பண்டம் கொடுப்பவர்' என்பதா என்பது அதைப் பொறுத்தது. எதுவானாலும் உண்மையை மட்டுமே எழுதுங்கள்.

பறித்த பொருளுக்குக் கணக்கு உண்டு

ரசீது இல்லாததால் உங்கள் கோரிக்கை செத்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். பொருளைப் பறிக்கும் அலுவலர், எதை எடுத்தார், எங்கே வைப்பார், எப்படி மீட்கலாம் என்பவற்றை எழுதிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். ரசீது தராதது அவர் தரப்பின் குறை. அதற்கு உங்களைத் தண்டிக்க முடியாது.

உங்கள் நகரத்திலேயே இதற்கு ஒரு நல்ல தீர்ப்பு இருக்கிறது. மக்விக்கானா என்ற டர்பன் தெருவியாபாரி, தம் சரக்கைப் பறித்த எத்தெக்வினி மாநகராட்சியை (டர்பனை நிர்வகிப்பது அதுவே) எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2015 பிப்ரவரியில் டர்பன் உயர் நீதிமன்ற நீதிபதி தயா பிள்ளை, பொருள்களைப் பறித்து அப்புறப்படுத்த மாநகராட்சி எழுதிய அன்றைய துணைவிதிகள் அளித்த வரம்பற்ற அதிகாரத்தை அரசியலமைப்புக்கு முரணானது என்று அறிவித்து, அவருக்கு 775 ராண்ட் இழப்பீடு வழங்கச் சொன்னார். தொகையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். தெருவியாபாரியின் மேசையில் இருப்பதும் சட்டம் காக்கும் சொத்துதான், விசாரணையின்றி அதைப் பறித்து அழிக்க முடியாது என்ற கொள்கை நிலைநாட்டப்பட்டதுதான் அந்த வழக்கின் பெறுமதி. அதேவேளை, சிலர் அந்தத் தீர்ப்பை 'இனி யாரும் எதையும் பறிக்கக் கூடாது' என்று புரிந்துகொண்டு சந்தையில் வாதாடுகிறார்கள். அது சரியல்ல. சட்டப்படி, முறைப்படி, ரசீதோடு பறிமுதல் செய்ய மாநகராட்சியால் இன்றும் முடியும்.

வடையும் முறுக்கும் இந்நேரம் குப்பைக்குப் போயிருக்கும். திருப்பிக் கொடுக்க முடியாத பொருளுக்கு என்ன வழி என்பதற்கு 2019-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ன்கோமானே வழக்கு உதவும். ஜோகன்னஸ்பர்க்கில் பாலத்தடியில் வாழ்ந்த வீடற்றவர்களின் உடைமைகளை மெட்ரோ போலீஸ் அள்ளி அழித்துவிட்டது. அழிந்த பொருளை மீட்டுத் தரும்படி உத்தரவிட முடியாது என்ற நீதிமன்றம், அடிப்படை உரிமை மீறலுக்காக 27 பேருக்கும் தலா 1,500 ராண்ட் கொடுக்கச் சொன்னது. ஆகவே உங்கள் கோரிக்கையை இரண்டாகப் பிரியுங்கள். அடுப்பு, மேசை, குடை ஆகியவற்றைத் திருப்பிக் கேளுங்கள். பண்டங்களுக்கு ஈடு கேளுங்கள்.

கெடு ஒன்று இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். மாநகராட்சி போன்ற அரசு அமைப்பிடம் நட்ட ஈடு கேட்பதானால், சம்பவம் நடந்த ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று சொல்கிறது. உங்களுக்கு ஐந்து வாரங்கள் கழிந்துவிட்டன. அன்று நடந்ததை மணிக்கணக்கோடு எழுதி, பக்கத்து மேசைக்காரர் ஒருவரைச் சாட்சியாக எழுதச் சொல்லி, இரண்டையும் எந்தக் காவல் நிலையத்திலும் உறுதிமொழிப் பத்திரமாக்கிக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை. மாவும் எண்ணெயும் அடுப்பும் வாங்கிய பழைய பில்கள் கிடைத்தால் சேர்த்துவையுங்கள். கோரிக்கை யார் பெயரில் போக வேண்டும் என்பதையும் யோசியுங்கள். மேசையும் குடையும் கோகோவுடையவை, அடுப்பு உங்களுடையது என்றால் இருவரும் தனித்தனியே கேட்பதே சரி.

உங்களுக்கு ஒரு பலவீனமும் உண்டு. மாநகராட்சியின் வழக்கறிஞர் கையில் எடுக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். சமைத்த உணவு விற்பதற்கு வியாபார அனுமதி மட்டும் போதாது. 2018-ல் வந்த உணவு இடங்களுக்கான சுகாதார விதிகளின்படி, மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவு தரும் தகுதிச் சான்றிதழும் வேண்டும். இது விற்கிற இடத்துக்கு மட்டுமன்றிச் சமைக்கிற இடத்துக்கும் பொருந்தும் என்பதால், சாட்ஸ்வொர்த்தில் உள்ள உங்கள் சமையலறையும் அதற்குள் வருகிறது. கோகோ பழம் விற்ற காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. நீங்கள் முறுக்கோடு வந்த பிறகு எழுகிறது. சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் ஆய்வாளர் வீட்டுக்கு வருவார். தண்ணீர், கழிவு, ஈக்கள் வராத சேமிப்பு ஆகியவற்றைப் பார்ப்பார். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அது கையில் இல்லாமல் இழப்பீட்டு வழக்கை நெடுந்தூரம் இழுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

விலைக்கு வரும் அனுமதிச்சீட்டு

வாங்காதீர்கள். அனுமதி என்பது ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு ஒரு குறிப்பிட்ட இடத்தில் விற்கத் தரப்படும் இசைவு. அது கைமாறும் சொத்தல்ல. 6,000 ராண்ட் கொடுத்து நீங்கள் பெறப்போவது, மற்றொருவர் பெயருள்ள ஒரு காகிதம். மறுபடியும் அதே மெட்ரோ போலீஸ், அதே கேள்வி, அதே பறிமுதல். கூடவே ஏமாற்றுக் குற்றச்சாட்டும் சேரலாம்.

இந்தத் தரகர்கள் எங்கிருந்து முளைக்கிறார்கள் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். வார்விக் சந்திப்பில் பேருந்தும் சிற்றுந்தும் ரயிலும் கூடுவதால் நாளொன்றுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடந்து போகிறார்கள். ஆயிரக்கணக்கான வியாபாரிகள் அங்கே பிழைக்கிறார்கள். நடைபாதையில் கோடு போட்டு எண்ணிட்ட இடங்களோ அதைவிடக் குறைவு. தேவைக்கும் எண்ணுக்கும் இடையே இருக்கும் அந்தத் தட்டுப்பாட்டுக்கு யாரோ விலை வைத்துவிடுகிறார்கள். வாரந்தோறும் 'கமிட்டிக்காரர்' என்று சொல்லிக்கொண்டு 50 ராண்ட் வாங்கிப் போவதாக நீங்கள் எழுதியிருப்பவரும் அதே வகைதானா என்று எனக்கு ஐயம். அவர் பதிவுபெற்ற வியாபாரிகள் சங்கத்தைச் சேர்ந்தவரானால் ரசீது தருவார். அதை மட்டும் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். தர மறுத்தால் தனியாக எதிர்த்து நிற்காமல், பக்கத்து மேசைக்காரர்களோடு கலந்து பேசி ஒன்றாகப் புகார் செய்யுங்கள்.

முறையான வழி மெதுவானது. மாநகராட்சியின் தெருவியாபாரப் பிரிவுக்கு கோகோவே கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுக்கட்டும்: தமக்கு வயதாகிவிட்டது, மருத்துவத்துக்குப் போக வேண்டியிருக்கிறது, இன்னாரை உதவியாளராகக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்று. கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கும் உரிமை, 2000-ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டத்தின்படி உங்களுக்கு உண்டு. மறுப்பு தெரிந்த 90 நாள்களுக்குள் கேட்க வேண்டும். உங்கள் பெயரிலேயே தனி அனுமதி கேட்பதை நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும்வரை ஒத்திவைப்பது நல்லது. தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு குடிமக்களுக்கே தருகிறது. அதற்காக மற்றவர்களுக்கு எதுவுமே இல்லை என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். அகதிகளும் புகலிடம் கோருவோரும் வியாபார உரிமம் பெறத் தகுதியுள்ளவர்களே என்று 2014-ல் சோமாலியர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மானத்தோடு வாழும் உரிமை குடியுரிமையைப் பார்த்து வருவதல்ல என்பது அதன் அடிப்படை.

இந்த இடத்தில் உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். 'நம்மவர்கள் காலத்தில் இந்தக் கெடுபிடி இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் வந்து குவிந்த பிறகுதான் எல்லாம்' என்கிறார். பெரியவரிடம் இதை நீங்கள் மெல்லத்தான் சொல்ல வேண்டும்: கெடுபிடி நம்மவர்களிடமிருந்தே தொடங்கியது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு வந்திறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும், கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் காய்கறி பயிரிட்டு, கூடை சுமந்து வீடு வீடாக விற்றார்கள். வெள்ளையர்கள் அவர்களை எல்லாம் ஒரே பெயராக 'சாமி' என்று கூப்பிட்டார்கள். ராமசாமி, முனுசாமி என்ற பெயர்களின் வால் அது. அந்தப் போட்டியை ஒடுக்க டர்பன் அன்று அடங்கியிருந்த நேட்டால் காலனியின் அரசு 1897-ல் வியாபார உரிமச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. உரிமம் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம்; மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. சட்டத்தில் 'இந்தியர்' என்ற சொல் இல்லை. இருந்தும் யாருக்கு எதிரானது என்பது எல்லாருக்கும் தெரியும். காந்தி எதிர்த்து எழுதிய சட்டங்களில் இதுவும் ஒன்று. பின்னர் நிறவெறி ஆட்சி கறுப்பின வியாபாரிகளை நகர மையத்திலிருந்தே விரட்டியது. 1991-ஆம் ஆண்டின் வணிகச் சட்டம்தான் தெருவியாபாரத்தின் மீதிருந்த தளையைப் பெருமளவு தளர்த்தியது. இரண்டே ஆண்டில் வந்த திருத்தம், துணைவிதி எழுதும் அதிகாரத்தை நகரங்களுக்குக் கொடுத்தது. கோகோவின் மேசை அந்தத் தளர்வுக்கும் அந்தத் திருத்தத்துக்கும் நடுவில் போடப்பட்டது.

இடமாற்றம் பற்றிய பேச்சு

சந்தைப் பேச்சை நம்பி இப்போதே மேசையைக் காலி செய்யாதீர்கள். ஒரு பகுதியை வியாபாரத்துக்குத் தடைசெய்யவோ கட்டுப்படுத்தவோ மாநகராட்சி விரும்பினால், அதே வணிகச் சட்டத்தின் 6ஏ பிரிவு சில படிகளைக் கட்டாயமாக்குகிறது. வியாபாரிகளோடு பேசி, மேற்பார்வையைச் செம்மைப்படுத்தினால் தடையே தேவைப்படாமல் போகுமா என்று முதலில் ஆராய வேண்டும். கணிசமான எண்ணிக்கையினர் தொழிலை இழப்பார்களா என்று பார்க்க வேண்டும். திட்டத்தை அறிவித்து, ஆட்சேபணைகளைப் பெற்று, அவற்றைப் பரிசீலிக்க வேண்டும். அறிவிப்பு வந்தால் ஆட்சேபணையை எழுதிக் கொடுங்கள். இருவர் கொடுப்பதைவிட இருநூறு பேர் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு வலு அதிகம்.

இந்தப் படிகளைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதை ஜோகன்னஸ்பர்க் காட்டியது. 2013 அக்டோபரில் 'பெருந்துடைப்பு' என்ற பொருள்படும் பெயரில் நகர மையத்திலிருந்து ஆயிரக்கணக்கான வியாபாரிகளை அப்புறப்படுத்தினார்கள். அனுமதி உள்ளவர்களையும் விடவில்லை. 'சரிபார்த்துக்கொண்டு வாருங்கள்' என்றார்கள், சரிபார்த்து வந்தவர்களையும் திரும்ப உட்கார விடவில்லை. கீழ் நீதிமன்றத்தில் அவசர மனு தள்ளுபடியாகி, வியாபாரிகள் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2013 டிசம்பர் 5 அன்று, அன்றிரவே நெல்சன் மண்டேலா மறைந்தார் என்பதால் பலர் கவனிக்கத் தவறிய அந்த நாளில், அவர்கள் தங்கள் இடங்களுக்குத் திரும்பலாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் வெளியான விளக்கத்தில் நீதிபதி மொசெனெக்கே, உழைத்துக் குடும்பத்தைக் காக்க முடிவதும் மனித மாண்பின் பகுதியே என்று எழுதினார். அந்த உத்தரவு கிடைப்பதற்குள் பண்டிகைக்கால வியாபாரத்தில் எத்தனை வாரங்கள் போயின என்பதையும் சேர்த்தே நினைத்துப் பாருங்கள். நீதிமன்றம் கடைசிக் கதவு. முதல் கதவு அதுவாக இருக்கக் கூடாது.

உங்கள் பக்கத்திலேயே உள்ள காலைச் சந்தை இன்னொரு பாடம். நம் காய்கறி விவசாயிகள் தொடங்கி, 1934 முதல் வார்விக்கில் இயங்கும் அந்தச் சந்தையை இடித்து வணிக வளாகம் கட்ட, 2010 உலகக் கோப்பைக் கால்பந்தை முன்னிட்டு மாநகராட்சி முடிவெடுத்தது. மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளியினரும், வாசலில் கூறு கட்டி விற்ற சுலுப் பெண்களும், தள்ளுவண்டிச் சுமைகாரர்களும் ஒன்றாக எதிர்த்தார்கள். சட்ட உதவி அமைப்பு ஒன்று வழக்குகளை நடத்தியது. திட்டம் கைவிடப்பட்டது, சந்தை இன்றும் அங்கேதான் இருக்கிறது. அந்த வழக்குகளை நடத்திய சட்ட வள மையத்துக்கு டர்பனில் அலுவலகம் உண்டு. வார்விக் வியாபாரிகளோடு 2008 முதல் பணிபுரியும் அசியே எத்தஃபுலேனி என்ற அமைப்பு மக்விக்கானா வழக்கிலும் துணைநின்றது. 'மேசைக்கு வாருங்கள்' என்ற பொருளில் அமைந்த சுலுப் பெயர் அது. இரண்டு இடங்களுக்கும் கோகோவை அழைத்துக்கொண்டு போங்கள்.

தான்சானியாவில் தெருவியாபாரிகளுக்கு அட்டை கொடுத்தார்கள் என்று உங்கள் கொழுந்தனார் சொன்னது உண்மையே. 2018 இறுதியில் அதிபர் மகுஃபுலி, 'மச்சிங்கா' என்று அங்கே அழைக்கப்படும் சிறுவியாபாரிகளுக்கு 20,000 ஷில்லிங்கில் ஓர் அட்டையை அறிமுகப்படுத்தினார். வைத்திருந்தவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றார். 2021-ல் அவர் மறைந்தார். அந்த ஆண்டு இறுதிக்குள் புதிய ஆட்சியில் தார் எஸ் சலாமின் நடைபாதைகளிலிருந்து வியாபாரிகள் ஒதுக்கிய இடங்களுக்கு நகர்த்தப்பட்டார்கள். ஒரு தலைவரின் வாக்கில் நின்ற பாதுகாப்பு, தலைவர் மாறியதும் ஆட்டம் கண்டது. லாகோஸில் நிலைமை இன்னும் கடுமை. 2003-ஆம் ஆண்டின் சட்டம், தெருவில் விற்பவருக்கு மட்டுமல்லாமல் வாங்குபவருக்கும் 90,000 நைரா அபராதமோ ஆறு மாதச் சிறையோ விதிக்க இடமளிக்கிறது. 2016-ல் அதைக் கண்டிப்பாக அமலாக்கப்போவதாக மாநில அரசு அறிவித்தது. இவற்றோடு ஒப்பிட்டால் டர்பனில் துணைவிதியைக் கேள்வி கேட்க ஓர் அரசியலமைப்பாவது இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் சிலரே என்பது வேறு.

நீங்கள் படித்த இந்தியாவின் 2014-ஆம் ஆண்டு தெருவியாபாரிகள் சட்டம் டர்பனில் செல்லாது; கடிதத்தில் அதை மேற்கோள் காட்ட வேண்டாம். ஆனால் இந்தியாவிலிருந்து டர்பனுக்கு வந்தது ஒன்று உண்டு. சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான அகமதாபாத்தின் 'சேவா' அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு, 1994-ல் டர்பன் தெருவியாபாரிப் பெண்களும் வீட்டில் தொழில் செய்த பெண்களும் தங்களுக்கென ஒரு தொழிற்சங்கம் தொடங்கினார்கள். சுமார் பத்தாண்டுகள் இயங்கிய அந்தச் சங்கத்தைப் பற்றிக் கோகோவிடம் கேட்டுப் பாருங்கள்; வார்விக்கில் முப்பது ஆண்டு மேசை போட்டவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அவர் உறுப்பினராகவே இருந்திருக்கலாம். அந்தப் பழைய அட்டை பெட்டியில் எங்காவது கிடந்தால் எடுத்து வையுங்கள். எத்தனை ஆண்டுகளாக ஒரே இடத்தில் வியாபாரம் செய்தார் என்பதற்கு அதுவும் சான்றாகும்; இடமாற்றப் பட்டியல் போடும் நாளில் அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

நீதிமன்ற நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்கிறீர்கள். இந்த வாரமே விசாவைப் படித்து வழக்கறிஞரைப் பாருங்கள். அடுத்த வாரம் அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கான விளக்கத்தையும் மாநகராட்சிக்கான அறிவிப்பையும் கொடுத்துவிடுங்கள். பறிமுதல் கிடங்குக்குப் போகும்போது கோகோவும் கூட வரட்டும். குடையும் மேசையும் அவருடையவை என்பதால் அவரே கேட்டு, தராவிட்டால் 'இல்லை' என்பதை அந்த அலுவலரிடம் எழுதி வாங்கட்டும்.